அம்சவள்ளிக்கு இன்னும் முப்பத்தொரு பக்கம்

(மரக்காணம் உப்பளத் தெரு ஊர்ப்புற நூலகத்தின் வாசலில், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசகர் வட்டக் கூட்டத்தில் பேச்சாளர் வெற்றிச்செல்வன் ஆற்றிய உரை)

உப்பு விளையும் பூமியிலே உள்ளம் வெளுத்த உத்தமராய், உப்பளக் குத்தகைதாரர் சங்கத்தின் தலைவராய், இந்த நூலகத்து வாசகர் வட்டத்துக்கும் அவரே தலைவராய், புரவலர் பலகையிலே பொன்னெழுத்தில் முதல் பெயராய், இன்றைக்கு இந்த மேடையிலே நடுநாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கிற என் அன்பு அண்ணன் நடராசன் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, நான் எழுந்ததிலிருந்து தன் கைக்கடிகாரத்தையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற எடைமேடை மரியதாஸ் அவர்களே! இடப்புறம் நாற்காலி போட்டும் உட்கார மறுத்து, நாற்பத்திரண்டு நாளாக எந்தக் கூட்டத்திலும் உட்கார மறுத்து நிற்கிற நூலகர் தங்கை சிவசங்கரி அவர்களே!

விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன்னே கரையேறி, கால் வெடிப்பிலே உப்பெரிச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற தாய்மார்களே! வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எக்கியார்குப்பத்திலிருந்து வந்திருக்கிற கடலோரத்துச் சொந்தங்களே! மேற்கே தர்பூசணிக் கொல்லையிலிருந்து டெம்போ பிடித்து வந்திருக்கிற வேளாண் பெருமக்களே! குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து, வேறு வழியில்லாமல் உண்மையாகவே படித்துக்கொண்டிருக்கிற தேர்வுப் பெண்களே! கிழக்குக் கடற்கரைச் சாலையிலே பேருந்துக்கு நின்று, ஒலிபெருக்கி கேட்டு எட்டிப்பார்த்து, இப்போது பேருந்தையும் விட்டுவிட்டு நிற்கிற புதுச்சேரிப் பயணிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் தொண்டையின் அடியிலிருந்து வணக்கம்.

மூன்றாம் வரிசையில், ஓரத்தில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்சவள்ளி அவர்களே. உங்களுக்கு உரிய வணக்கத்தை நான் இப்போது சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் பெயர். தெரியாதவர் இங்கே யாருமில்லை, இருந்தாலும் சொல்கிறேன், சொல்வது எனக்குப் பிடிக்கும். இந்த வட்டாரத்திலே காதுகுத்தா, கல்யாணமா, கும்பாபிஷேகமா, கட்சிக் கூட்டமா, புதுப் படகு இறக்குகிற விழாவா, எல்லாவற்றுக்கும் இந்தத் தொண்டைதான். முப்பது ஆண்டு முழங்கிய தொண்டை. இந்தத் தொண்டைக்கு ஊர் கொடுத்த பட்டம் ஒன்று உண்டு. கையிலிருக்கிற நோட்டீசைப் பாருங்கள். "சொல்" என்று போட்டு, ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, "வெற்றிச்செல்வன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல முடியாது, ஏனென்றால் இது சித்திரை மாதம்.

புதுச்சேரிப் பயணிகள் விழிக்கிறீர்கள், விளக்குகிறேன். எங்கள் உப்பளத்திலே தை மாதம் பாத்தி கட்டினால், ஆவணி முடிகிற வரைக்கும் ஒரு சொல்லை எவரும் சொல்வதில்லை. மேலேயிருந்து விழுமே, நீங்கள் குடை பிடிப்பீர்களே, அந்த இரண்டெழுத்துச் சொல். அது வந்தால் பாத்தியில் விளைந்து நிற்கிற உப்பு அரை மணி நேரத்தில் கரைந்துபோகும். பதினைந்து நாள் பாடு பழையபடி உப்புத் தண்ணீராகிவிடும். சொன்னால் வந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். அதனால் சொல்வதில்லை, சுட்டிக்காட்டுவதில்லை, வேலை நேரத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தால்கூட "என்னத்த பாக்கிற?" என்று அதட்டுவோம். சுமை தூக்குகிற முத்து அதோ நிற்கிறார். அவர் பெயரின் முன்பாதியைத் தை மாதம் வாங்கி வைத்துக்கொள்வோம், ஆவணி முடிந்துதான் திருப்பிக் கொடுப்போம். சிரிப்பதென்றால் கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இன்னும் நிறைய இருக்கிறது.

கூட்டத்தின் முதல் நிகழ்ச்சி நூலகச் செய்திகள். நூலகர் எழுதிக் கொடுத்திருக்கிறார், வாசிக்கிறேன். பழுதாகியிருந்த மின்விசிறி சரிசெய்யப்பட்டது. சுற்றுகிறது, ஆனால் பேசுகிறவர் குரல் கேட்காது. எக்கியார்குப்பத்திலிருந்து இந்த மாதம் புதிய உறுப்பினர்கள் பதினாறு பேர், அதில் பதினொரு பேர் பெண்கள். கைதட்டுங்கள். அடுத்து, செய்தித்தாளில் கருவாடு சுற்றி எடுத்துப்போகிறவர்கள், அன்றைய செய்தித்தாளை விட்டுவிட்டு முந்தின நாள் தாளில் சுற்றுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பாஞ்சாலை அக்கா, நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? பொதுவாகத்தான் சொன்னேன்.

கடைசிச் செய்தி. அதோ வாசலில் இருக்கிற கரும்பலகையிலே நூலகர் தினமும் காலையில் எழுதுகிற செய்தி. இன்றைக்கு எழுதியிருப்பதை வாசிக்கிறேன். "ஒரு புத்தகம் இரும்பு அலமாரியில் அடைபட்டு நாற்பத்திரண்டாம் நாள். அதற்காகக் காத்திருக்கும் வாசகர்கள் நூற்றுப் பதினேழு பேர்." முதல் நாள் இதே பலகையில் காத்திருந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் மூன்றாம் வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன்? அந்தப் புத்தகத்தையும், அதைப்போல அந்த இரண்டெழுத்து அச்சாகியிருக்கிற எல்லாப் புத்தகங்களையும், இந்த நூலகத்திலிருந்து என்றைக்குமாக நீக்கவேண்டும் என்கிற தீர்மானத்தை வழிமொழிய வந்திருக்கிறேன். அந்தத் தீர்மானத்தை எழுதியது யார்? இந்தக் கை. மனு எழுதியது யார்? இந்தக் கை. மனு கொடுத்து, ஊரைக் கூட்டி, ஒருத்தி வயிற்றில் அடித்தது யார்? அதுவும் இந்தக் கைதான். அந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

(தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறார்.)

சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாகப் பேசவும்." அண்ணே, சுருக்கமாகப் பேச வேறு ஆளை அழைத்திருக்கலாம்.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. அண்ணன் நடராசன் குத்தகைப் பாத்தியிலே பத்தொன்பது ஆண்டாக உப்பு வாருகிறவர் அம்சவள்ளி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. இந்த நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தார். பெயர் "எட்டாவது நாள்", அதற்கப்புறம் அந்த இரண்டெழுத்து. கதையிலே ஒருத்தி, சண்டை போட்டுப் பிரிந்த அக்காவைப் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். ஏழு நாள் நடக்கிறாள். எட்டாவது நாள் ஆற்றங்கரைக்கு வருகிறாள். அக்கரையில் அக்கா நிற்கிறாள், இக்கரையில் தங்கை நிற்கிறாள், நடுவிலே அந்த இரண்டெழுத்து கொட்டுகிறது, ஆறு பொங்குகிறது. அவள் கடந்தாளா? அது நூற்று எழுபத்து நான்காம் பக்கம். மொத்தம் இருநூற்று ஐந்து பக்கம்.

வேலை முடிந்து, உப்பு அம்பாரத்தின் பக்கத்திலே நான்கு கழி நட்டு, தார்ப்பாயை நிழலுக்குக் கட்டி, பெண்கள் ஒன்பது பேர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளி வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நூற்று எழுபத்து நான்காம் பக்கம் வந்தது. அந்த இரண்டெழுத்தும் வந்தது. அவர் வாசித்த வேகத்தில் வழக்கத்தை மறந்து, அதையும் சத்தமாக வாசித்துவிட்டார். புத்தகத்தில் வந்தது, அடுத்த நிமிடம் வானத்திலும் வந்தது. பங்குனியில், நடுப்பகலில், இருபதே நிமிடம். இருபத்து மூன்று பாத்தி கரைந்தது. ஆள் உயரம் நின்ற இரண்டு அம்பாரம் முழங்கால் உயரத்துக்கு வந்தது.

மறுநாள் சங்கத்தில் அவசரக் கூட்டம். அண்ணன் நடராசன் இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். படித்தால் வருகிறது, ஆகையால் படிக்கக்கூடாது. எங்களுக்கு அது வேதமாக விளங்கியது. என்னை மனு எழுதச் சொன்னார். எழுதினேன் பாருங்கள் ஒரு மனு! "உப்பை உருக்கும் உளுத்த நூல், பாத்தியைப் பாழாக்கும் பாதக நூல், நீர்மூலம் ஆன இந்நூல் நிர்மூலம் ஆகுக!" என் வாழ்நாளில் அப்படி ஒரு வரி எனக்கு விழுந்ததில்லை. எழுதிவிட்டு நானே எழுந்து நின்று வாசித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஊர்வலமாக வந்து மனுவை நூலகர் மேசையில் வைத்தோம். தங்கை சிவசங்கரி முழுவதும் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இந்த புக்க உங்கள்ல யாருனா படிச்சீங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"படிச்சா மறுபடியும் வந்துடுமேம்மா."

இதற்கு மேல் ஒரு தர்க்கம் உலகத்தில் உண்டா? ஆனால் நூலகர் அசையவில்லை. ஒரு வாசகர் கையிலிருந்து இன்னொரு வாசகர் புத்தகத்தைப் பிடுங்க எந்த விதியும் இல்லை என்றார். பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாம், அதற்கு இங்கே முழு வசதி உண்டு என்றார். சரி, விதிப்படியே போவோம் என்று மரியதாஸ் அங்கேயே விண்ணப்பம் எழுதி, முறைப்படி உறுப்பினரானார். அந்த நேரத்தில்தான் அம்சவள்ளி தவணையை நீட்டிக்க வந்து, புத்தகத்தை மேசைமேல் வைத்தார். நூலகர் முத்திரையை எடுக்கக் குனிந்தார். நிமிர்வதற்குள் மரியதாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். முறைப்படி எடுத்தார், இன்றுவரை முறைப்படி திருப்பவில்லை.

புத்தகம் சங்க அலுவலகத்து இரும்பு அலமாரிக்குப் போனது. சும்மா போகவில்லை. அதிலிருக்கிற ஈரம் வெளியே வந்துவிடக்கூடாது என்று, ஒரு சாக்கிலே நான்கு படி உப்பைக் கொட்டி, நடுவிலே புத்தகத்தை வைத்து, மேலே இன்னும் நான்கு படி கொட்டி, வாயைத் தைத்துவிட்டோம். மீனைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் உப்புக்கண்டம் போட்டதில்லை.

அம்சவள்ளிக்கு ஒரு கடிதம். இனி எந்தப் புத்தகமும் உப்பளத்துக்குக் கொண்டுவரமாட்டேன், அந்தப் புத்தகத்தை இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் ஆவணி வரைக்கும் பாத்தியில் கால் வைக்கக்கூடாது. கடிதத்தை எழுதியது நான்தான். பேனாவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனதும் நான்தான். அவர் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். நல்லா எழுதியிருக்கீங்க என்று பாராட்டினார். அப்புறம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடிவு தெரியாம நான் எதுலயும் கையெழுத்து போடமாட்டேண்ணா. இன்னும் முப்பத்தோரு பக்கம் இருக்குது."

அன்றையிலிருந்து அவர் எக்கியார்குப்பத்துக்கு நடந்துபோய்க் கருவாடு புரட்டுகிறார். பத்தொன்பது ஆண்டு தன் கையால் திருத்திய பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தினமும் அந்த வழியாகப் போகிறார். நானும் தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு புத்தகத்தோடு நிறுத்தினோமா? இல்லையே! ஒன்றில் இருக்கிற ஆபத்து மற்றதில் இருக்காதா என்று ஆய்வுக்குழு அமைத்தோம். அண்ணன் நடராசன், மரியதாஸ், நான். மூன்று பேர், மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்து இரண்டு புத்தகம். அந்த இரண்டெழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து நீல ஒட்டுநாடா ஒட்டவேண்டும். எடுத்தோம். எங்கே இல்லை அது? சமையல் புத்தகத்தில் அப்பளம் காயவைக்கிற பக்கத்தில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் தொட்டி நிரம்புகிற கணக்கில் இருந்தது. கோழி வளர்ப்பு நூலில் கூரை வேய்கிற இடத்தில் இருந்தது. காதல் கதைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை இரண்டு பேரையும் நனைத்துவிடுகிறார்கள். முடிவில் நாடா ஒட்டாமல் தப்பித்தவை இரண்டே இரண்டு. ஒன்று கேரம் விளையாட்டு விதிகள். இன்னொன்று பழைய தொலைபேசி எண் புத்தகம். அதிலும் மேகநாதன் என்று நான்கு பேர் இருந்தார்கள், அவர்களை அடித்துவிட்டோம்.

தேர்வுக்குப் படிக்கிற பிரியதர்ஷினியின் புவியியல் கையேட்டில் பருவக்காற்றுப் பாடத்தை ஸ்டேப்லர் போட்டுப் பூட்டினோம். அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றது. ரெண்டு கொஸ்டின் அங்கிருந்துதாண்ணா கேப்பாங்க என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆவணிக்கு அப்புறம் தேர்வு வைக்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். உண்மையாகவே எழுதியும் கொடுத்தேன்.

செய்தி பரவியது. மேற்கேயிருந்து தர்பூசணி விவசாயிகள் டெம்போவோடு வந்தார்கள். உங்களுக்கு வேண்டாத புத்தகம் எங்களுக்கு வேண்டும், ஏரி காய்ந்து கிடக்கிறது, வாசித்தால் வரும் என்றால் நாங்கள் வாசித்துக்கொள்கிறோம் என்றார்கள். எங்களுக்குத் தொலைந்தால் போதும். நாடா ஒட்டியதில் நானூறை ஏற்றி அனுப்பினோம். கொல்லையிலே ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். சமையல், கணக்கு, காதல், கோழி, எல்லாம் வாசித்தார்கள். ஒரு பொட்டு விழவில்லை. ஏம்பா, இங்கே வந்திருக்கிறீர்களே, சொல்லுங்கள், விழுந்ததா? விழவில்லை. ஆனால் புத்தகங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால், கோழிப் புத்தகம் பாதியில் நிற்கிறது, முடித்துவிட்டுத் தருகிறோம் என்கிறார்கள்.

எக்கியார்குப்பத்துப் பாஞ்சாலை அக்கா இதைக் கேள்விப்பட்டு, பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு நேராக நூலகர் மேசைக்கு வந்தார். "ஏம்மா, படிச்சா வரும்னா, நெத்திலி வர்ற புக்கு இருக்குதா?" நூலகர் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார். கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து வாசித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பூனை வந்தது. அவ்வளவுதான் வந்தது. ஆனால் அந்தப் பத்துப் பேரும் பாஞ்சாலை அக்காவும்தான் நான் சற்றுமுன் வாசித்த புதிய உறுப்பினர்கள் பதினொரு பேர்.

எங்கள் ஆய்வுக்குழுவின் கதை அதைவிட மோசம். அந்த இரண்டெழுத்தைத் தேடவேண்டுமென்றால் வரி வரியாகப் படிக்கவேண்டும். படித்தோம். ஒரு நாள் மரியதாஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். என்னய்யா என்றேன். அந்த மாட்டை வித்துட்டான்யா என்றார். அண்ணன் நடராசன் ஒரு துப்பறியும் நாவலைச் சோதிப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் ஆள் விட்டார். என்னவென்று? இரண்டாம் பாகத்தையும் சோதிக்கவேண்டும், உடனே அனுப்பு என்று. அண்ணே, முறைக்காதீர்கள். கொலை செய்தது யார் என்று என்னிடம் நீங்கள்தானே சொன்னீர்கள்?

(இரண்டாவது சீட்டு வருகிறது.)

"தீர்மானத்துக்கு வரவும்." வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணே. மைக்செட்டுக்காரரே, இரைச்சலைக் குறையுங்கள். இப்போது நான் சொல்லப்போவது எல்லார் காதிலும் விழவேண்டும்.

அந்த இரும்பு அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம். இன்னொன்று சங்கச் செயலாளரிடம். சங்கச் செயலாளர் யார்? நான். இருபத்திரண்டு நாளைக்கு முன்பு, பட்டப்பகலில், அலுவலகத்தில் யாருமில்லாதபோது, சாக்கின் தையலைப் பிரித்தேன். உப்பைத் தட்டினேன். எடுத்தேன். படித்தேன். ஆமாம், படித்தேன். இருநூற்று ஐந்து பக்கமும் படித்தேன்.

நூற்று எழுபத்து நான்காம் பக்கம் வந்தபோது என் தொண்டை கேட்கவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம், நல்ல வரியைக் கண்டால் உள்ளுக்குள் படிக்க எனக்குத் தெரியாது. வாய்விட்டு வாசித்துவிட்டேன். அந்த இரண்டெழுத்தையும் சேர்த்து. வாசித்த உடனே பயந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் எட்டிப்பார்த்தேன். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மறுபடி வாசித்தேன். வெயில். மேடைக்குரலில், கையை வீசி, மூச்சைப் பிடித்து வாசித்தேன். வெயில். பதினொரு முறை வாசித்தேன். அன்றைக்கு நம் பாத்தியில் விளைந்த உப்பு இந்தப் பருவத்திலேயே முதல் தரம், மரியதாஸின் எடைமேடையைக் கேளுங்கள்.

ஆக, புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு இருபத்திரண்டு நாளாகத் தெரியும். தெரிந்தும் ஏன் பேசவில்லை? பயமா? கொஞ்சம் பயம்தான். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. "நீர்மூலம் ஆன இந்நூல் நிர்மூலம் ஆகுக." அந்த வரியை இழக்க எனக்கு மனம் வரவில்லை. என் ஒரு வரிக்காக ஒருத்தி இருபத்திரண்டு நாள் வேலையில்லாமல் என் கண் முன்னால் நடந்துபோனாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் அன்றைக்கு உப்பு ஏன் கரைந்தது? அதைப் போன வாரம் லாரி ஓட்டுகிற சுரேஷ் என்னிடம் சொன்னார். அன்று காலையிலேயே அவருடைய செல்போனில் படம் வந்துவிட்டது. கறுப்பு மேகம், கீழே நான்கு கோடு, பன்னிரண்டு மணிக்கு என்று போட்டிருந்தது. பதினொரு மணிக்கு வரப்பு மேலே ஓடிவந்தார். வந்தார், ஆனால் எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது. மேலே காட்டக்கூடாது. பத்து விரலையும் கீழ்நோக்கி ஆட்டிக் காட்டியிருக்கிறார். பெண்கள் கையில் உப்பு எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். நனைந்து நின்று, தன்னையே காட்டி, இது, இது என்றிருக்கிறார். தலை துவட்டத் துண்டு கொடுத்தார்கள். தலைவரிடம் ஓடிப் படத்தைக் காட்டியிருக்கிறார். அண்ணன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. "யார்ரா இது, உன் கொழந்தயா? லட்சணமா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் இருந்தது ஐயா, முழுசாக ஒரு மணி நேரம்! வாரியிருந்தால் பாத்தி உப்பில் பாதி கரையேறியிருக்கும். தார்ப்பாயைப் போர்த்தியிருந்தால் அம்பாரம் இரண்டும் அப்படியே நின்றிருக்கும். தார்ப்பாய் எங்கே இருந்தது? அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே, நான்கு கழியில், பெண்கள் தலைக்கு மேலே இருந்தது. எல்லாம் இருந்தது, ஒரு சொல் மட்டும் இல்லை. அம்சவள்ளி அதைப் படித்ததால் நம் உப்பு கரைந்ததா? சுரேஷ் அதைச் சொல்ல முடியாததால் கரைந்ததா? நீங்களே சொல்லுங்கள். சொன்னவரைத் துரத்தினோம். சொல்லாதவருக்குத் துண்டு கொடுத்தோம். பூட்டவேண்டியது புத்தகம் என்று நினைத்துக்கொண்டு, நம் வாய்க்கு நாமே பூட்டுப் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறோம்.

படிக்காத மூன்று பேர் கூடி, படித்துக்கொண்டிருந்த ஒருத்தி கையிலிருந்து பறித்தோமே, எந்த உரிமையில் பறித்தோம்? உனக்குப் பிடிக்கவில்லையா, உன் கையிலிருக்கிற புத்தகத்தை மூடு. பயமாக இருக்கிறதா, மூடிவிட்டு வெளியே போய் ஒரு தேநீர் குடி. அடுத்தவர் மடியில் விரித்திருக்கிற பக்கத்தை மூட உன் கை ஏன் நீளுகிறது? இன்றைக்கு ஒரு சொல்லுக்காக ஒரு புத்தகம். நாளைக்கு ஒரு புத்தகத்துக்காக ஒரு அலமாரி. அப்புறம் இந்தக் கட்டடத்தில் கேரம் விதிகள் மட்டும்தான் மிஞ்சும், விளையாட ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். இந்த நூலகத்துக்குள் வருகிறவரிடம் நீ யார், எந்தத் தெரு, எதற்கு இதைப் படிக்கிறாய் என்று தங்கை சிவசங்கரி ஒரு நாளாவது கேட்டதுண்டா? அவர் கேட்காததை நாம் கேட்டோம். தவறு. நான் வழிமொழிய வந்த தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. இதோ கிழிக்கிறேன்.

(கைதட்டல்.)

கைதட்டாதீர்கள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கப்புறமும் கை தட்டுகிறீர்களா என்று பார்ப்போம். தாய்மார்களே, பெரியோர்களே, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை.

சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்கிறேன். மழை! மேற்கே கேட்கட்டும், கிழக்கே கடலுக்குக் கேட்கட்டும். மழை!

(கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது.)

பாருங்கள். தாராளமாகப் பாருங்கள், நான்கு மாதம் கழித்து நிமிர்ந்திருக்கிறீர்கள். என்ன தெரிகிறது? ஒரு காகம் போகிறது. வேறொன்றுமில்லை. புதுச்சேரி ஐயா, நீங்கள் ஏன் குடையை விரித்தீர்கள்? மடக்குங்கள். மாரிமுத்து, உங்கள் பெயரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். நானும் என் பெயரை எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்மழை வெற்றிச்செல்வன். விரலகல வெற்றிடத்தில் குடியிருந்தது போதும்.

இப்போது என் துணிப்பையைத் திறக்கிறேன். இதோ, "எட்டாவது நாள் மழை". தட்டினால் இன்னும் உப்பு கொட்டுகிறது. அம்சவள்ளி, மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் அம்மா, அவர் வரட்டும். கடைசியில் சொல்கிறேன் என்றேனே, உங்களுக்கு என் வணக்கம். நான் செய்தது தப்பு. மன்னிப்பு இப்போதே வேண்டாம், படித்து முடித்துவிட்டு யோசித்துச் சொல்லுங்கள். நூற்று எழுபத்து நான்காம் பக்கத்தில் உங்கள் பேருந்துச் சீட்டு அடையாளத்துக்கு அப்படியே இருக்கிறது. அந்தத் தங்கை ஆற்றைக் கடந்தாளா என்று எனக்குத் தெரியும். அவள் என்ன செய்தாள் என்றால்...

(மூன்றாவது சீட்டு வருகிறது.)

தலைவர் சீட்டு. கூட்டத்தைக் கலைக்கச் சொல்கிறாரோ? வாசிக்கிறேன். "முடிவைச் சொல்லித் தொலைக்காதே. அம்சவள்ளிக்கு அப்புறம் எனக்கு வேண்டும்."

அண்ணே! என் அண்ணே! ஆனால் இதைக் கொடுக்கிறவன் நான் இல்லை. தங்கை சிவசங்கரி, என்ன செய்யலாம்? என்ன, பதிவேட்டைப் பார்க்கிறீர்களா? மைக்கில் சொல்லுங்கள்.

"நீங்க நூத்திப் பதினெட்டாவது ஆளுண்ணே. வரிசையிலதான் வரும்."

கேட்டீர்களா? இதுதான் நூலகம். புரவலர் பலகையில் முதல் பெயர், காத்திருப்போர் வரிசையில் கடைசிப் பெயர். அண்ணன் எழுகிறார். மைக்கை அண்ணனிடம் கொடுக்கிறேன்.

"அம்சவள்ளி, கடுதாசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா."

நாற்பத்திரண்டு நாளில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. இப்போது தட்டுங்கள் கையை. அம்சவள்ளி, நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள், சத்தத்தில் கேட்கவில்லை. மைக்செட்டுக்காரரே, அவர் பக்கம் திருப்புங்கள்.

"நாளைக்கு முடியாதுண்ணா. முப்பத்தோரு பக்கம் இருக்குது. நாளான்னிக்கு வர்றேன்."

அவ்வளவுதான் ஐயா. இதற்கு மேலே பேச இந்தத் தொண்டையில் ஒன்றுமில்லை. வரிசையில் மீதியுள்ள நூற்றுப் பதினேழு பேரும் அவர் சொன்ன நாள்வரைக்கும் காத்திருக்கட்டும். இவ்வளவு நேரம் பொறுத்த காதுகளுக்கு நன்றி, பேருந்தை விட்டவர்களுக்கு இரட்டை நன்றி. எல்லாரும் நிமிர்ந்து நடந்து வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.